பி.ஏ. சமூகவியலில் என்ன சொல்லித் தருகிறார்கள்? வட ஆற்காட்டை வைத்து ஒரு விளக்கம்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்கள் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் சொந்தக் கிராமத்தை விசாரித்து எழுதி வரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்பது மாதிரியான கேள்விகள். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று தூசி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், மாமண்டூர் ஏரியை ஒட்டி, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் (இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள்) இருந்த ஊர். 1918-ல் அந்தக் கட்டுரைகள் புத்தகமாக வந்தன. 1930களில் தாமஸ், ராமகிருஷ்ணன் என்ற இருவர் அதே ஊர்களை மறுபடி விசாரித்து, 1940-ல் இன்னொரு புத்தகம் வெளியிட்டார்கள்.

ஸ்லேட்டர் சமூகவியல்காரர் இல்லை. ஆனாலும் இன்று பி.ஏ. சமூகவியலில் சேரும் ஒரு பிள்ளை மூன்று வருஷத்தில் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வர வேண்டும் என்று கேட்டால், அந்த வேலையைத்தான் காட்டுவேன். நமக்குத் தெரிந்த ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை, தெரியாத ஊருக்குப் போனது போலக் கேட்டு, எண்ணி, எழுதுவது. மீதிப் பாடங்களெல்லாம் அந்த வேலையை ஒழுங்காகச் செய்வதற்கான தயாரிப்பு.

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், கல்லூரி விண்ணப்பம் வாங்க வரும் பெற்றோரிடம் இந்தப் பட்டத்தின் பெயரைச் சொன்னால் 'சோசியல் சர்வீஸா?' என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு நல்லதாமே' என்பார்கள். முதலாவது தவறு, இரண்டாவது பாதி சரி. சமூகப்பணி என்பது தொழில், அதற்கு எம்.எஸ்.டபிள்யூ. என்று தனிப் பட்டமே இருக்கிறது. குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மனைவியிடம் பேசுவது, சிகிச்சைக்குப் பணம் புரட்ட வழி சொல்வது, திரும்பி வேலைக்குப் போக உதவுவது எல்லாம் சமூகப்பணியாளர் செய்வது. எந்தத் தொழில் செய்பவர்கள் அதிகம் வந்து சேர்கிறார்கள், வாரக் கூலிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் யார் குடித்தார்கள், இப்போது யார் குடிக்கிறார்கள் என்று கேட்பவர் சமூகவியலாளர். நோயாளிக்கு முதலாமவர்தான் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த நோயாளி ஏன் வருகிறார் என்பதற்கு இரண்டாமவரிடம்தான் பதில் இருக்க வாய்ப்பு.

பட்டத்தின் கட்டமைப்பு எளிது. மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். தமிழும் ஆங்கிலமும் மற்ற பி.ஏ. பாடங்களுக்கு இருப்பது போலவே இருக்கும். வேலூர் வட்டாரத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் 2002-ல் தொடங்கி இப்போது சேர்க்காட்டில் இயங்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அங்கேயும் இதே வடிவம்தான். சமூகவியல் எல்லாக் கல்லூரியிலும் கிடைக்காது. பலர் சென்னைக்குப் போகிறார்கள், சிலர் இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் தபாலில் படிக்கிறார்கள். எங்கே படித்தாலும் பாடத் தலைப்புகள் ஏறக்குறைய ஒன்று: சமூகவியல் அறிமுகம், சிந்தனையாளர்கள், இந்தியச் சமுதாயம், ஊரகம், நகரம், குடும்பமும் உறவுமுறையும், மக்கள்தொகை, குற்றம், மருத்துவம், சுற்றுச்சூழல், பாலினம், ஆய்வு முறைகள், கொஞ்சம் புள்ளியியல்.

முதல் வருஷம் சலிப்பாக இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. குழு என்றால் என்ன, நிறுவனம் என்றால் என்ன, தகுநிலை, பங்கு, நெறி என்று வரையறை மேல் வரையறை. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து எழுதி, பாஸ் ஆகி, மறந்துவிடுகிறார்கள். விஷயம் சூடுபிடிப்பது சிந்தனையாளர்கள் பாடத்தில். ஒகுஸ்த் கோம்த் இந்தத் துறைக்குப் பெயர் வைத்த கதையோடு ஆரம்பித்து மார்க்ஸ், துர்கைம், வெபர் என்று போகும். இந்த மூவரும் ஐரோப்பாவைப் பற்றி எழுதியவர்கள். அவர்களை வேலூரில் உட்கார்ந்து படிப்பதில் என்ன லாபம் என்பதற்கு துர்கைம் ஒருவரை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1897-ல் துர்கைம் தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தற்கொலை என்பது மனிதன் தனியாக எடுக்கும் முடிவு. அவனுடைய துக்கம் அவனுக்கு மட்டுமே தெரியும். ஆனால் ஒரு நாட்டில் லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று பார்த்தால், அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாமல் நிற்கிறது. நாட்டுக்கு நாடு, மதத்துக்கு மதம், மணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் இடையே வேறுபடுகிறது. தனித்தனி மனிதர்களின் துக்கம் மட்டும்தான் காரணம் என்றால் எண் இப்படி ஒழுங்காக நிற்காது, மனிதர்களுக்கு வெளியே ஏதோ ஒன்று அவர்களை அழுத்துகிறது என்றார் அவர். அந்த அழுத்தத்துக்கு 'சமூக உண்மை' என்று பெயர். மனிதனைக் குழுவோடு கட்டும் கயிறு தளர்ந்தாலும் ஆபத்து, இறுகினாலும் ஆபத்து என்பது அவருடைய வாதம்.

இனி வேலூருக்கு வருவோம். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு இறப்பையும் பதிவு செய்துவருகிறது. ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர் தகவல் சொல்வார், பிறகு வீட்டாரிடம் விசாரித்து இறப்புக்குக் காரணம் என்னவென்று தீர்மானிப்பார்கள். 1992 முதல் 2001 வரையிலான அந்தப் பதிவுகளை வைத்து எழுதிய கட்டுரை 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 10 முதல் 19 வயதுக்குள் இருந்தவர்களில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு ஆண்கள் 58, பெண்கள் 148. அந்த வயதில் இறந்துபோன பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலையால் இறந்தவர்கள்.

இதை துர்கைமோடு சேர்த்துப் படிக்கும் மாணவருக்கு இரண்டு விஷயம் உறைக்க வேண்டும். ஐரோப்பாவில் ஆண்களின் எண்ணிக்கைதான் எப்போதும் மேலே. அதை வைத்துத்தான் அவர் கணக்கே போட்டார். கட்டுப்பாடு மிதமிஞ்சி, எதிர்காலமே அடைக்கப்பட்டவர்களின் தற்கொலை என்று ஒரு வகையையும் அவர் குறிப்பிட்டார், ஆனால் அதற்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை என்று ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டார். கணியம்பாடிப் பெண்பிள்ளைகளின் கணக்கு அந்த அடிக்குறிப்பை இழுத்து நடுப்பக்கத்தில் வைக்கிறது. இரண்டாவது, துர்கைம் நம்பியது அரசாங்கப் புள்ளிவிவரத்தை. நம் ஊர்ச் செய்தித்தாளில் 'வயிற்று வலி தாங்காமல் பெண் தற்கொலை' என்ற வரியைப் படிக்காதவர் உண்டா? அந்த வயிற்று வலிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சில சாவுகள் தற்கொலை என்ற பெயரிலேயே ஏறாது. வீட்டுக்கு வீடு நடந்து எழுதிய கணக்குக்கும் ஸ்டேஷனில் பதிவான கணக்குக்கும் உள்ள தூரம்தான் இந்தப் படிப்பின் பாதிப் பாடம். ஒரு வகுப்பு நேரத்தில் இதைச் சொல்லிவிடலாம். சொல்கிறார்களா என்பது வேறு விஷயம்.

மார்க்ஸுக்கு இங்கே உதாரணம் தேட வேண்டியதே இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் பீடித் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் போதும். இலையும் தூளும் ஏஜென்டிடமிருந்து வரும், சுருட்டுவது வீட்டில், கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. முதலாளிக்குக் கட்டடம் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம். சுருட்டுபவரின் வீடே தொழிற்சாலை. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதற்கு அந்தத் தெருவில் எந்த வீட்டில் பீடித் தொழிலாளர் கார்டு இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

வெபரை இரண்டு இடத்தில் வைக்கலாம். மதத்துக்கும் வியாபார முனைப்புக்கும் தொடர்பு உண்டா என்பது அவருடைய பெரிய கேள்வி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வியாபாரம் ஏன் முஸ்லிம் வணிகர்கள் கையில் வளர்ந்தது? மார்க்கம்தான் காரணம் என்று ஒரு மாணவர் எழுதலாம். தோலைத் தொடுவது தீட்டு என்று மற்ற வியாபாரச் சாதிகள் ஒதுங்கிக்கொண்டதால் அந்த இடம் காலியாக இருந்தது என்று இன்னொருவர் எழுதலாம். தொழிற்சாலைக்குள் ஈரத் தோலோடு மல்லுக்கட்டும் வேலையில் தலித்துகள் ஏன் அதிகம் என்று மூன்றாமவர் கேட்டால், முதல் இரண்டு பதிலும் ஆட்டம் காணும். நல்ல வாத்தியார் மூன்று பேருக்கும் மார்க் போட்டு, மேலும் படிக்கச் சொல்வார். வெபரின் இன்னொரு பக்கம் அதிகார அமைப்பு. விதி, கோப்பு, முத்திரை, படிநிலை. பழங்குடிச் சான்றிதழுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும் இருளர் குடும்பத்தைக் கேட்டால் அதை வெபரைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் ஆண்டில் வரும் இந்தியச் சமுதாயம் என்ற தாள்தான் வகுப்பறையைச் சங்கடப்படுத்துவது. காரணம், அதில் பாதி சாதி. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன சாதி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். பாடத்தில் எம்.என். ஸ்ரீநிவாஸ் வருவார். 1952-ல் குடகு மக்களைப் பற்றிய நூலில் அவர் விளக்கிய சமஸ்கிருதமயமாதல் என்ற கருத்தைக் கட்டாயம் கேட்பார்கள்: கீழே வைக்கப்பட்ட ஒரு சாதி, மேலே இருப்பவர்களின் பழக்கவழக்கத்தை எடுத்துக்கொண்டு உயரப் பார்ப்பது. ஓர் ஊரில் எண்ணிக்கையும் நிலமும் சேர்ந்து கையில் இருக்கும் சாதியை 'ஆதிக்கச் சாதி' என்று அவர் அழைத்ததும் வரும். ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் கிராமம் ஒன்றில் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருந்த நிலை மாறி, தனித்தனியாகப் பிரிவதை 1965-ல் எழுதியதும் வரும்.

வட ஆற்காட்டில் இந்தக் கருத்துகளை உரசிப் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. 19-ம் நூற்றாண்டிலேயே வன்னியர்கள் தங்களை சத்திரியர் என்று சென்சஸில் பதியச் சொல்லி மனுப் போட்டார்கள். சமஸ்கிருதமயமாதலுக்குப் புத்தகத்தில் வைக்கத் தகுந்த உதாரணம். ஆனால் 1987-ல் சாலை மறியல் செய்து அவர்கள் கேட்டது தனி இடஒதுக்கீடு. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவும் 20 சதவீதமும் வந்தது. ஒரே சமூகம், ஒரு நூற்றாண்டு இடைவெளியில், மேலே என்று எழுதச் சொல்லியும் பின்தங்கியவர் என்று எழுதச் சொல்லியும் கேட்டிருக்கிறது. இதில் முரண் தேடி நக்கல் அடிப்பது டீக்கடை வேலை. கேட்கப்பட்ட அரசாங்கம் மாறிவிட்டது, எதைக் கேட்டால் எது கிடைக்கும் என்பதும் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை விளக்க முயல்வதுதான் சமூகவியல்.

இந்த இடத்தில் சென்சஸ் பற்றியும் பேசியாக வேண்டும். பிரிட்டிஷ் அதிகாரி ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு 1881-ல் வந்தது. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பத்தி, குணம் உட்பட. எண்ணுவதற்காகப் போட்ட பட்டியல், பிறகு எண்ணப்பட்டவர்கள் சண்டை போடும் பட்டியலாக ஆகிவிட்டது. சாதிவாரியாக முழுமையாக எண்ணியது கடைசியாக 1931-ல். வரப்போகும் கணக்கெடுப்பில் மறுபடி எண்ணப்போவதாக ஒன்றிய அரசு 2025-ல் அறிவித்திருக்கிறது. இப்போது முதல் வருஷத்தில் இருக்கும் மாணவர்கள் வேலை தேடும் காலத்தில் அந்த எண்கள் வெளியே வரத் தொடங்கியிருக்கலாம். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கும்.

அம்பேத்கரைப் பல பாடத்திட்டங்கள் தலைவராக மட்டும் நிறுத்திவிடுகின்றன. 1916-ல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை சுத்தமான சமூகவியல். சாதியின் உயிர்நாடி அகமணம், அதாவது சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வது, மற்றதெல்லாம் அதைக் காப்பாற்றப் போடப்பட்ட வேலி என்பது வாதம். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகள் தேவை பகுதியைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டுரையை வாசித்தால் பாடம் அரை மணி நேரத்தில் முடியும்.

நிலத்துக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பு புரியவில்லை என்கிற மாணவருக்கு 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நடந்ததை நினைவுபடுத்தலாம். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் மற்றவர்களின் பட்டா நிலம்; அதன் வழியாகப் போக முடியாத நிலையில், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். வீடியோ பரவி, உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. கேட்டால் 'இது நிலத் தகராறு, சாதி இல்லை' என்ற பதில் வரும். நிலம் யாரிடம் இருக்கிறது, பாதை யாருக்கு வேண்டும் என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தால் தகராறு எது, சாதி எது என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை என்பது தெரியும்.

குடும்பமும் உறவுமுறையும் என்ற பாடத்தில் மானிடவியலாளர் ஐராவதி கார்வே உண்டு. வடக்கே சொந்தத்துக்கும் ஊருக்கும் வெளியே பெண் எடுப்பது, தெற்கே மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டுவது என்ற ஒப்பீடு. நம் பிள்ளைகளுக்கு இது விளங்குவதில் சிரமமில்லை. வீட்டிலேயே பார்த்தது. அதனால் இந்தத் தாளில் மார்க் நன்றாக வரும்.

ஊரகச் சமூகவியலில் இந்த மாவட்டத்துக்கு உலகப் புகழே உண்டு. நம் கல்லூரிகளில் அது அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. 1973-74-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தவர்களும் சேர்ந்து வட ஆற்காட்டுக் கிராமங்களில் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தார்கள். புது ரக நெல் அரசாங்கம் சொன்ன அளவுக்குப் பரவவில்லை, பரவிய இடத்திலும் வசதியானவர்களுக்கே லாபம் என்பது போன்ற சோர்வான முடிவு வந்தது. 1980களில் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் திரும்பிப் போனார்கள். நெல் பரவியிருந்தது, சிறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும்கூட வருமானம் கூடியிருந்தது என்று 1991-ல் எழுதினார்கள். 1990களில் பார்பரா ஹாரிஸ்-ஒய்ட், எஸ். ஜனகராஜன் ஆகியோர் மூன்றாம் முறை போனபோது பேச்சு வேறாகிவிட்டது: நிலத்தடி நீர், போட்டி போட்டு ஆழமாக்கிய கிணறு, விவசாயத்தை விட்டு வெளியே போகும் பிள்ளைகள்.

மூன்றில் எது உண்மை என்று கேட்கத் தோன்றும். மூன்றும் உண்மை. போன ஆண்டு வேறு, கேட்ட கேள்வி வேறு, மழை பெய்த அளவும் வேறு. ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு 'கிராமம் இப்படித்தான்' என்று சொல்பவரை நம்பாதே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. பார்பரா ஹாரிஸ்-ஒய்ட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆரணி நகரத்தை 1973-லிருந்து நாற்பது வருஷம் விடாமல் கவனித்திருக்கிறார்கள். நெல் மண்டி, ரைஸ் மில், பட்டுத் தறி, நகை அடகுக் கடை என்று ஒரு நடுத்தர ஊரின் பொருளாதாரம் சாதி வழியாகவும் சங்கம் வழியாகவும் எப்படி ஓடுகிறது என்பதை 2016-ல் வந்த தொகுப்பில் பார்க்கலாம். ஆரணிப் பட்டு எல்லோருக்கும் தெரியும், ஆரணி ஆய்வு ஆரணிக்காரர்களுக்கே தெரியாது.

1973-ல் வந்த கேம்பிரிட்ஜ்-சென்னைக் குழுவில் ராபர்ட் சேம்பர்ஸும் இருந்தார். கிராமத்தைப் பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்க்காமல் போகிறார்கள் என்பதைப் பற்றிப் பின்னாளில் நிறைய எழுதியவர். கார் போகிற ரோட்டோரம் மட்டும் நிறுத்துவது, மழைக்காலத்தில் வராமல் இருப்பது, ஆண்களிடமும் பெரிய மனிதர்களிடமும் மட்டும் பேசுவது. இது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரர்களின் குறை மட்டுமில்லை. நம் இறுதியாண்டு மாணவர்களின் சர்வே படிவங்களைப் புரட்டினாலும் இதே கதை. பஸ் நிறுத்தத்திலிருந்து பத்து வீடு, ஊர்த் தெருவோடு சரி. காலனிக்குப் போகவில்லை. கேட்டால் 'அவங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க சார்' என்பார்கள். வேலைக்குப் போயிருந்தால் சாயங்காலம் போக வேண்டும். மாதிரி எடுப்பது என்ற அத்தியாயத்தில் சமவாய்ப்பு என்று வரையறை எழுதி ஐந்து மார்க் வாங்கிய அதே மாணவர்கள்தான்.

ஆய்வு முறைகள் என்ற இந்தத் தாளைத்தான் நான் இந்தப் பட்டத்தின் முதுகெலும்பாக நினைக்கிறேன். வினாப்பட்டியல் தயாரிப்பது, நேர்காணல், கூடவே இருந்து கவனிப்பது, அட்டவணை போடுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். குடியாத்தத்தில் ஒரு திண்ணையில் நடக்கும் பேச்சைப் பாருங்கள். மாணவி ஃபார்மை வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "அக்கா, நீங்க வேலைக்குப் போறீங்களா?" அந்த அம்மாள் மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும், விரல் நிற்காமல் சுருட்டிக்கொண்டே இருக்கிறது. "எங்கம்மா போறது, சும்மா ஊட்லதான் கீறேன்." மாணவி 'இல்லத்தரசி' என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறாள். ஒரு தொழிலாளி கணக்கிலிருந்து காணாமல் போனார்.

யாரும் பொய் சொல்லவில்லை. 'வேலை' என்றால் வெளியே போவது என்று அந்த அம்மாளுக்கு ஓர் அர்த்தம், ஃபார்ம் எழுதியவருக்கு வேறு அர்த்தம். இதே கேள்வியை 'நேத்து காலைல எழுந்ததுலருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணீங்கக்கா?' என்று கேட்டிருந்தால் தண்ணீர் பிடித்தது, சமைத்தது, எழுநூறு பீடி சுருட்டியது, கட்டுக் கட்டியது, ஏஜென்ட் கொஞ்சத்தைக் கழித்தது வரை வரிசையாக வந்திருக்கும். கேள்வியை மாற்றினால் மாவட்டத்தின் வேலைவாய்ப்பு விகிதமே மாறும். பெண்களின் வேலை நம் புள்ளிவிவரங்களில் ஏன் இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அட்டவணையை வாசிப்பதும் இப்படித்தான். 2011 கணக்கெடுப்பில், பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39.36 லட்சம், ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 1007. மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். ஆனால் மாநில அளவில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் அந்த எண் 943. பெண்கள் அதிக காலம் உயிர்வாழ்வதும், ஆண்கள் பெங்களூர், வளைகுடா, ராணுவம் என்று வெளியே இருப்பதும் மொத்த விகிதத்தை ஏற்றிவிடும். கணியம்பாடிக்குப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை 'மிலிட்டரி கிராமம்' என்றே சொல்கிறார்கள். அந்த ஊர் ஆண்களைக் கணக்கெடுக்கிறவர் எந்த எல்லையில் தேடுவது?

மற்ற தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் என்றால் பாலாறு. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டுக்காகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. கிணறு கெட்ட வீட்டிலிருந்தே ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்ணை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்பது சமூகவியல் வகுப்பின் கேள்வி. மருத்துவச் சமூகவியலுக்குக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி. நோய் குணமான பிறகும் வீட்டில் சேர்த்துக்கொள்ளாத கதைகள் அங்கே எத்தனையோ. நகரம் என்றால் சி.எம்.சி. வாசலைச் சுற்றிய லாட்ஜ் தெருக்கள், வங்காளி மொழிப் போர்டு, மீன் குழம்புச் சாப்பாடு. குற்றவியலுக்கு ஜவ்வாது மலை: 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஏஜென்டும் கடத்தல்காரரும் இருக்க, குற்றவாளி என்ற பெயர் கடைசிப் படியில் நிற்பவன் மேல் மட்டும் ஏன் ஒட்டுகிறது என்று அந்தத் தாளில் கேட்கலாம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை மதச் சமூகவியலில் எடுத்தால், அம்மன் உண்டா இல்லையா என்பது கேள்வியே இல்லை. சிரசு எந்தத் தெரு வழியாகப் போகிறது, முதல் மரியாதை யாருக்கு என்பதுதான் கேள்வி.

இவ்வளவும் பாடத்திட்டத்துக்குள் அடங்கும். நடைமுறையில் எவ்வளவு நடக்கிறது? ஆசிரியர் நோட்ஸ் கொடுப்பார், மாணவர் எழுதுவார், பழைய கேள்வித்தாளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைப் படித்தால் பாஸ். துர்கைமுக்கு உதாரணம் ஃபிரான்ஸாகவே இருக்கும். இறுதியாண்டு புராஜெக்ட்டை ஜெராக்ஸ் கடையில் தயாராக வாங்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி பைண்டிங் போடுவதும் உண்டு. தமிழில் நல்ல பாடநூல்கள் குறைவு, வகுப்பில் அறுபது பேர், வெளியே அழைத்துப்போக பஸ் வாடகைக்குப் பணமில்லை என்று துறைகள் சொல்லும் காரணங்கள் பொய்யில்லை. ஆனால் தூசியை விசாரித்து எழுத பஸ் வாடகை தேவைப்படவில்லை. மாணவர் எப்படியும் ஊருக்குத்தான் போகிறார்.

வேலை விஷயத்தை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. பி.ஏ. சமூகவியல் முடித்ததும் கதவைத் தட்டி வேலை கொடுப்பவர் யாருமில்லை. எந்தப் பட்டத்துக்கும் திறந்திருக்கும் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகள் இவர்களுக்கும் உண்டு. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப்பாடமாக இரண்டு தாள், 500 மதிப்பெண்; அதற்கு இந்தப் பட்டம் கட்டாயமில்லை, என்ஜினீயரிங் படித்தவர்களும் எடுக்கிறார்கள். பள்ளி ஆசிரியர் ஆகும் எண்ணமிருந்தால் சேருவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும், வரலாறு படித்தவருக்கு இருக்கும் நேர்வழி இதில் இல்லை. அடுத்து எம்.எஸ்.டபிள்யூ. படித்து ஆஸ்பத்திரி, தொண்டு நிறுவனம், கம்பெனி எச்.ஆர். என்று போகிறவர்கள் நிறையப் பேர். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியிலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. கணக்கெடுப்பு, சுகாதார ஆய்வு, சந்தை ஆய்வு, தேர்தல் கருத்துக்கணிப்பு ஆகியவற்றில் களப்பணிக்கு ஆள் எப்போதும் தேவை. அங்கே சான்றிதழைவிட, காலனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

ஆகவே சேருவதற்கு முன்னால் துறையில் போய் இரண்டு விஷயம் கேட்கலாம்: போன வருஷ புராஜெக்ட்டுகளை எடுத்துக் காட்ட முடியுமா, களப்பணிக்கு எத்தனை நாள் விடுகிறீர்கள் என்று. அலமாரியைத் திறந்து காட்டினால் நல்லது. சாவி கிளார்க்கிடம் இருக்கிறது, அவர் லீவு என்றால், வெளியே மரத்தடியில் நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.